வரட்டுமா என்று கேட்ட முட்டைகள்

காங்கேயத்துக்குத் தெற்கே, கள்ளியும் வேலாமரமும் தவிர வேறெதுவும் நிமிர்ந்து நிற்காத மேட்டாங்காட்டில், சேமலைவலசு என்கிற ஊரில், முட்டைகள் பேசத் தொடங்குவதற்கு முன்னால் கோசலையின் கோழிப்பண்ணை முட்டைக்குள் பேசுவதற்கு யாருமே இருந்ததில்லை. பொரிக்கும் மிஷினில் வைத்ததில் பாதிக்கு மேல் கூமுட்டையாகப் போயின. உடைத்தால் மஞ்சள் கரு மஞ்சள் கருவாகவே கிடக்கும். அதற்குள் யாரும் வரவும் இல்லை, வந்து பார்த்துவிட்டுப் போகவும் இல்லை என்பதுபோல.

கோசலையின் கணவன் சென்னியப்பன் விசைத்தறி ஓட்டியவன். தறிக்கூடம் மூடியதும் அவர்கள் இருவரும் இருந்த நகையை விற்று நாட்டுக்கோழி வாங்கி, ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை போட்டு, பல்லடத்திலிருந்து முட்டை பொரிக்கும் மிஷின் ஒன்றைப் பழசாக வாங்கி வந்திருந்தார்கள். இது கைவிட்டால் வேறு கையில்லை என்பது இருவருக்கும் தெரியும், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை.

கால்நடை மருத்துவர் லூர்துமேரி ஸ்கூட்டரில் வந்து இறங்கியபோது முட்டையைப் பார்க்கவில்லை, சேவல்களைத்தான் பார்த்தார். "ரெண்டும் தின்னு தின்னு கொழுத்துக் கெடக்குது. இத்தனை பெட்டைக்கு இது எப்படிப் பத்தும்? அதுவும் இந்தப் பெட்டைங்களோட கூடப்பொறந்ததுங்க. வேற ஊர்ல இருந்து எளஞ்சேவலாக் கொண்டு வாங்க" என்றார். பிறகு தீவனத் தொட்டியில் கைவிட்டு மக்காச்சோளத்தை அள்ளிப் பார்த்துவிட்டு, "இதை மட்டும் போட்டா முட்டை வரும், உசுரு வராது" என்றார்.

அவர் சொன்னதையெல்லாம் அவர்கள் செய்தார்கள். கம்பை ஈரத்துணியில் கட்டி முளைவிட்டதும் போட்டார்கள், முருங்கைத் தழையை ஒடித்துக் கட்டித் தொங்கவிட்டார்கள், கருவாட்டுத் தூளும் கிளிஞ்சல் தூளும் கலந்தார்கள், பழைய பானையில் சாணியும் சாக்குத் துண்டும் திணித்து வேலியோரம் கவிழ்த்து வைத்து, விடிந்ததும் அதில் ஏறியிருந்த கரையானைத் தட்டிப் போட்டார்கள். மூலனூரிலிருந்து வந்த இளஞ்சேவல்கள் கொட்டகையைத் தங்கள் பேரில் எழுதிக்கொண்டன. அந்த முறை மிஷினில் வைத்த முட்டைகளை ஒரு வாரம் கழித்து எடுத்து விளக்கின்மேல் பிடித்துப் பார்த்தபோது, ஒவ்வொன்றிலும் சிவப்பு நரம்பு ஓடியிருந்தது.

"நூல் ஓடிருச்சு புள்ள" என்றான் சென்னியப்பன். தறிக்காரனுக்கு அது அப்படித்தான் தெரிந்தது. "எல்லாத்துலயும் பாவு ஓட்டியிருக்குது பாரு."

ஆனால் பொரிக்க வேண்டிய நாள் வந்து போனது. ஓடுகள் வெடிக்கவில்லை. கோசலை ஒன்றை எடுத்து உடைத்தாள். உள்ளே முழுக்குஞ்சு, மயிரெல்லாம் முளைத்து, காலெல்லாம் மடக்கி, அலகைக் கொண்டுபோய் ஓட்டில் வைத்தபடி செத்திருந்தது. இன்னொன்றும் அப்படியே. எல்லாமே அப்படியே. கதவைத் தட்டக் கை தூக்கிய கோலத்தில் ஒரு ஊரே செத்துக் கிடந்ததுபோல இருந்தது.

லூர்துமேரி மறுபடி வந்தார். முட்டையைக் கழுவக்கூடாது என்றார், நாள்பட்ட முட்டையை வைக்கக்கூடாது என்றார், கடைசி மூன்று நாள் முட்டையைத் திருப்பக்கூடாது, மிஷினுக்குள் ஈரம் கூட வேண்டும், தண்ணீர்த் தட்டை நிரப்பி வையுங்கள், கதவைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள் என்றார். அதையும் செய்தார்கள். குஞ்சுகள் அப்படியும் செத்தன. மூன்றாம் தரம் அவர் ரொம்ப நேரம் மிஷினையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஸ்கூட்டரைக் கிளப்பும்போது பாதிச் சிரிப்பாகச் சொன்னார்: "வெளிய வர்றதுக்கு முன்னாடி குஞ்சு உள்ள இருந்தே சத்தம் குடுக்கும் கோசலை. மேல உக்காந்திருக்கிற தாய்க்கோழி பதில் குடுக்கும். உங்க மிஷின்ல யாரு இருக்கா பதில் குடுக்க?"

அடுத்த ஈடு முட்டைகளுக்குக் கடைசி நாட்கள் வந்தபோது கோசலை மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். உச்சிவெயில் நேரம். கோழிகள் மண்ணைப் பறித்துப் படுத்திருந்தன, மிஷினின் காற்றாடி மட்டும் ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருந்தது, அந்தச் சுருதிக்கு அடியிலிருந்து, சளி பிடித்தவன் மூக்கால் பேசுவதுபோல ஒரு ஆண்குரல் கேட்டது.

"வரட்டுமா?"

அவளுக்கு அந்தக் குரல் தெரியும். போன தை மாதம் செத்துப்போன டைலர் அங்கமுத்துவின் குரல். அவள் ரவிக்கைக்கு அளவு கொடுத்துவிட்டுத் திரும்பும்போதெல்லாம் கேட்ட குரல்தான். கோசலை எழுந்தாள், செருப்பைப் போட்டுக்கொண்டாள், வெயிலில் நடந்து ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்த அங்கமுத்துவின் மனைவி வேலாத்தாளிடம் போய், "அக்கா, உங்க ஊட்டுக்காரரு எங்க மிஷின்ல இருந்து கேக்குறாரு. வந்து ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க" என்றாள். வேலாத்தாள் சர்க்கரைப் பையை முன்னால் நின்றவளிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

வந்து கேட்டாள். மறுபடியும் அது கேட்டது. வேலாத்தாள் மூக்கைச் சிந்திச் சேலையில் துடைத்துக்கொண்டு, வாசலில் நின்றுகொண்டு உள்ளே வராத ஆளிடம் சலித்துக்கொள்வதுபோல, "வாங்க. எத்தனை நேரந்தான் அங்கயே நிப்பீங்க" என்றாள். ஓட்டில் கீறல் விழுந்தது. சாயங்காலத்துக்குள் ஒரு கறுப்புக் குஞ்சு ஈரமாக வெளியே வந்து, எதையும் யாரையும் தெரியாமல், தன் காலையே தடுக்கி விழுந்தது. வேலாத்தாள் அதை மடியில் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

அன்றிலிருந்து பொரிக்கிற நாள் வந்தால் ஊர் கோசலையின் கொட்டகைக்கு வந்தது. குரல் தெரிந்தவர்கள் பதில் சொன்னார்கள். மகனைக் கிணற்றில் பறிகொடுத்தவள் "வாடா சாமி" என்றாள். பெரியப்பனின் குரல் கேட்டவன், உயிரோடிருந்தபோது அவரிடம் பேசாமல் இருந்தவன், தொண்டையைச் செருமிக்கொண்டு "வாங்க பெரீப்பா" என்றான். யாருக்கும் அடையாளம் தெரியாத பழைய குரல்கள் கேட்டால், அவர்கள் யாராக இருந்தாலும் ஊருக்கு முன்னால் வந்தவர்கள்தானே என்று எல்லோரும் சேர்ந்து "வாங்க, வாங்க" என்றார்கள், அந்த முட்டைகளும் பொரிந்தன. பொரிந்தபின் குரல் இல்லை, நினைவு இல்லை; வெறும் குஞ்சு, வெறும் கீச்சு. ஆனாலும் ஊரில் கோழி அறுப்பது நின்றது. விருந்தாளி வந்தால் ஆட்டுக்கறி எடுத்தார்கள். ஒரே ஆளுக்கு வாழ்க்கைப்பட்ட இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் "வாங்க" என்று சொல்லிவிட்டு அந்தக் குஞ்சுக்காகச் சண்டை போட்டபோது, ஊர்க்கூட்டம் கூடி, மாதம் ஒரு வீடு என்று தீர்த்து வைத்தது. உயிரோடிருந்தபோதும் அவன் அப்படித்தான் இருந்தான் என்பதால் அதில் யாருக்கும் குறையில்லை. கோயில் பூசாரியிடம் கேட்டபோது, கூப்பிட்டால் பதில் சொல்வது மரியாதைதானே என்றார். பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள், தங்கள் வீட்டு முட்டைகளைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து கோசலையின் தட்டில் வைக்கச் சொன்னார்கள். பொரிப்பு சொல்லிக்கொள்கிற மாதிரி ஆகிவிட்டது. வைத்ததெல்லாம் பொரிந்தது.

ஒன்றுதான் பொரியவில்லை. கிழக்குத்தெரு மாராத்தாளின் புருஷன் குரல் கேட்டபோது அவளுக்கு ஆள் அனுப்பினார்கள். அவள் வந்தாள். அவன் அடித்து உடைத்த இடது கை இன்னும் சரியாக நீளாது அவளுக்கு. முக்காலியில் உட்கார்ந்தாள். "வரட்டுமா?" என்றது. அவள் பேசவில்லை. கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டது. வேலாத்தாள் அவள் தோளைத் தொட்டு, "சொல்லிப்புடு அம்மிணி, செத்தவங்கமேல என்ன கோவம்" என்றாள். மாராத்தாள் அந்தக் கையை எடுத்து வேலாத்தாளின் மடியிலேயே வைத்தாள். குரல் கெஞ்சியது, அதட்டியது, பிறகு குழந்தைபோல ஆனது, பிறகு ஓட்டை உள்ளிருந்து ஏதோ பிறாண்டியது, பிறகு அதுவும் நின்றது. நின்ற பிறகும் நின்றதுதானா என்று பார்ப்பதுபோல மாராத்தாள் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, எழுந்து சேலையை உதறிக்கொண்டு வெயிலில் இறங்கிப் போனாள். அன்று யாரும் வழக்கம்போல இருந்து தேநீர் குடித்துவிட்டுப் போகவில்லை.

ஆடி மாதக் காற்று கொட்டகைக் கூரையைத் தட்டிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், சென்னியப்பன் மிஷினின் தண்ணீர்த் தட்டை நிரப்பிக்கொண்டிருந்தான். கோசலை வாசலில் கம்பைப் புடைத்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து "வரட்டுமா?" என்று அவன் கேட்டது அவளுக்குக் கேட்டது. அவன் வெளியே போகும்போது எப்போதும் கேட்கிற மாதிரி, நடுவெழுத்தை இழுத்து, கடைசியை விழுங்கி. அவள் புடைத்துக்கொண்டே, "போயிட்டு வாங்க. வர்றப்ப சோப்பு வாங்கிட்டு..." என்று சொல்ல வாயெடுத்தவள், முறத்தோடு நிமிர்ந்து பார்த்தாள்.

சென்னியப்பன் கையில் செம்போடு மிஷினையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் வாய் மூடியிருந்தது.

"நான் கேக்கலை புள்ள" என்றான்.

மேல்தட்டில் ஓரத்து முட்டை மறுபடி கேட்டது.

செத்தவர்களின் குரலுக்கு ஊர் பழகியிருந்ததைப்போலவே இதற்கும் பழகியது. அதுதான் கோசலைக்குத் தாங்கவில்லை. மத்தியானத்துக்குள் விஷயம் பரவியது. யாரும் அலறவில்லை, ஆச்சரியப்படவில்லை. அவனுக்குப் பிடித்த பருப்பு போண்டாவைத் தூக்குவாளியில் போட்டுக்கொண்டு பெண்கள் வந்தார்கள். ஆண்கள் அவன் எதிரில் பீடியை அணைத்தார்கள். டீக்கடையில் அவன் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் யாரும் உட்காரவில்லை, அவன் போனபோது அவனையும் உட்காரச் சொல்லவில்லை. பேச்சு அவன் முன்னாலேயே இறந்த காலத்துக்குப் போயிருந்தது. "தறி ஓட்டுறதுல சென்னியப்பனை அடிச்சுக்க ஆளில்லாம இருந்துச்சு" என்றார் ஒருவர், அவனிடமே. அவனும் "ஆமாங்க" என்று தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து, வெயிலிலும் போர்வையைப் போர்த்திக்கொண்டு, கொட்டகைக்கு எதிரே வாசலில் கிடந்த கட்டிலில் உட்கார்ந்துகொண்டான்.

"குளுருதுங்களா?" என்றாள் கோசலை.

"குளுரு இல்லை. எடம் பத்தாத மாதிரி இருக்குது. கால நீட்ட முடியாத மாதிரி" என்றான். அவன் முழங்காலை மார்போடு கட்டிக்கொண்டிருந்தான்.

வேலாத்தாள் கறுப்புக் கோழியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். "பயப்படாத கோசலை. எங்கவரும் வந்து நல்லாத்தான் இருக்காரு, பாரு. நீ 'வாங்க'ன்னு சொல்லிப்புடு."

"இவரு இங்க உக்காந்திருக்காருங்களே அக்கா! இங்க இருக்கறவரை அங்கிருந்து வாங்கன்னா, இங்க யாரு இருப்பா?"

"அப்பச் சொல்லாம உட்டுருவியா? மாராத்தா புருசன் என்ன ஆனான்னு பாத்தல்ல. உள்ளயே முடிஞ்சிட்டா இவரு கதி?"

கோசலைக்குச் சொன்னாலும் பயம், சொல்லாவிட்டாலும் பயம். கொட்டகைக்குள்ளிருந்து அது கேட்டுக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு தரமும் அவள் நாக்கு பழக்கதோஷத்தில் அசைந்தது. இருபது வருடமாகத் தினமும் சொன்ன பதில் அல்லவா. அவள் வாயில் சேலைத் துணியைத் திணித்துக்கொண்டு லூர்துமேரிக்குப் போன் போட்டாள், பிறகுதான் துணியை எடுக்க வேண்டும் என்று தோன்றியது.

மருத்துவர் வந்து மிஷின் கதவில் காதை வைத்தார். கேட்டார். திரும்பி, கட்டிலில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த சென்னியப்பனைப் பார்த்தார். சிலுவை போட்டுக்கொண்டார்.

"டாக்டரம்மா, தாய்க்கோழி பதில் குடுக்கும்னு சொன்னீங்களே" என்றாள் கோசலை. "அது என்னன்னுங்க சொல்லும்? வான்னு சொல்லுமா?"

லூர்துமேரி யோசித்தார். "தெரியலையேம்மா. ஆனா எத்தனையோ அடைக்கோழி பக்கத்துல உக்காந்து கேட்டிருக்கேன். அது வான்னு கூப்பிடுற மாதிரி எனக்குப் பட்டதில்லை. வராதன்னும் இல்லை. நான் இங்கதான் இருக்கேன்னு சொல்ற மாதிரி இருக்கும். அவ்வளவுதான்."

அந்த முட்டையை ஒரு அடைக்கோழிக்கடியில் வைக்கக் கோசலை உடனே எழுந்துவிட்டாள். ஆனால் அவள் பண்ணையில் அடைக்கோழியே இல்லை. நல்ல தீவனமும், இட்ட முட்டையை உடனே எடுத்துவிடுகிற கையுமாக, அவள் பெட்டைகளெல்லாம் அடை உட்காருவதையே மறந்து இட்டுக்கொண்டே இருந்தன. ஊருக்குள் கேட்டாள். எல்லா வீட்டிலும் கோழி இருந்தது, எல்லாம் யாரோ ஒருவராக இருந்தது. வேலாத்தாள் தன் கோழியை இறுக்கிக்கொண்டு, "இவரைப் போய் அடை வைக்கறதா?" என்றாள்.

கடைசியில் மாராத்தாள்தான் வந்தாள். யாரும் அவளைக் கேட்டிருக்கவில்லை. நல்ல கையால் ஒரு பழைய கூடையைச் சுமந்து, அதற்குள் வைக்கோலில் அப்பி, இறகை விரித்து, பக்கத்தில் வந்தவர்களையெல்லாம் முறைத்துக்கொண்டிருந்த ஒரு சாம்பல் பெட்டையோடு வந்தாள். "இது வெறும் கோழி" என்றாள். "என் ஊட்டுக்குத்தான் யாரும் வரலையே. முட்டையே இல்லாமக் கல்லு மேல உக்காந்துட்டு எந்திரிக்க மாட்டேங்குது."

கூடையைக் கட்டில் காலடியில், சென்னியப்பனுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தார்கள். கோசலை மிஷினைத் திறந்தாள். முட்டையை எடுத்தாள். கையில் எடுத்ததும் அது அதிர்ந்தது. கட்டிலில் அவன் பல் கிட்டிக்கொண்டது. காற்றுப் படக்கூடாது என்று அவள் அதை ரவிக்கைக்குள், மார்போடு வைத்துக்கொண்டு நடந்தாள். கொட்டகையிலிருந்து கட்டில்வரை அப்படியொன்றும் தூரமில்லை. ஆனால் அவள் நெஞ்செலும்புக்குப் பக்கத்தில் அவள் புருஷன் அவளிடம் மட்டும் கேட்கிற குரலில், தாழ்ந்து, "வரட்டுமா?" என்று கேட்டான். வாசலில் நின்ற ஊர் முழுதும் அவள் உதட்டையே பார்த்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள், ரத்தம் தெரிந்தது, நடந்தாள்.

சாம்பல் பெட்டை அவள் கையைக் கொத்தியது. கொத்தி முடித்ததும், அலகால் முட்டையைத் தொட்டு, உருட்டி, வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டு, உடம்பை இரண்டு தரம் அசைத்து அமர்ந்தது.

"வரட்டுமா?" என்றது அடியிலிருந்து.

"க்ளக்" என்றது பெட்டை.

அது மறுபடி கேட்டது. பெட்டை மறுபடி சொன்னது. அவசரமில்லாமல், அழைக்காமல், விரட்டாமல். பொழுது சாயும்வரை கேள்வியும் பதிலுமாக அது நடந்துகொண்டிருந்தது. கேள்வியின் நடுவெழுத்து இழுபடுவது குறைந்தது, கடைசி எழுத்து உதிர்ந்தது, ஆண்குரல் சிறுவன் குரலாகி, சிறுவன் குரல் மெலிந்து, கடைசியில் வெறும் "கீ" என்பது மட்டும் மிஞ்சியது. கட்டிலில் சென்னியப்பனின் கைப்பிடி தளர்ந்தது. ஒரு கால் நீண்டது. பிறகு இன்னொன்று. அவன் முழு நீளத்துக்கும் கால் நீட்டித் தூங்கிப்போனான். மறுநாள் விடிந்து அவன் காப்பி கேட்டபோது, சாம்பல் பெட்டையின் இறகுக்குள்ளிருந்து ஒரு செந்தலைக் குஞ்சு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

கோசலை மிஷினின் ஒயரைப் பிடுங்கினாள். மிச்சமிருந்த முட்டைகளைப் பக்கத்து ஊர்களில் தேடிக் கொண்டுவரும் அடைக்கோழிகளுக்கடியில்தான் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். ஊர் கோபித்துக்கொண்டது. இன்னும் தங்கள் ஆள் குரலைக் கேட்காதவர்கள் இருந்தார்கள். ஒருத்தி கொட்டகை வாசலில் மண்ணில் உட்கார்ந்து, "ஒரே ஒரு ஈடு வையி கோசலை, என் பொண்ணு கேப்பா, நான் பதில் சொல்லணும்" என்று அழுதாள். கோசலையும் அவளோடு உட்கார்ந்து அழுதாள். ஆனால் ஒயரைச் செருகவில்லை. "அவங்க கேக்குறது நம்மளையில்லைங்க. நாமதான் நடுவுல போயி பதில் சொல்லிப்புட்டோம்" என்றாள். ஆத்திரம் அடங்க ஒரு வருடம் ஆனது. மாராத்தாள் பண்ணையில் சேர்ந்துகொண்டாள். அடை உட்காரும் பெட்டைகளாகப் பொறுக்கி, முளைக்கம்பும் முருங்கையும் போட்டு வளர்த்து, கூடை கூடையாக அடைவைத்தார்கள். பொரிப்பு மிஷினைவிடக் கொஞ்சம் குறைவு, ஆனால் பிழைப்புக்குப் போதுமானது. அந்தக் கூடைகளிலிருந்து கீச்சைத் தவிர வேறெதுவும் கேட்டதில்லை.

சென்னியப்பன் நன்றாக இருக்கிறான். டீக்கடையில் அவன் நாற்காலியில் அவனே உட்காருகிறான், ஊர் அவனைப் பற்றி நிகழ்காலத்தில் பேசுகிறது. ஒன்று மட்டும் உண்டு. வெட்டவெளி வாசலில் அவன் தீவனம் இறைத்துக்கொண்டிருக்கும்போது, வெயிலில் எங்கிருந்தோ ஒரு பருந்தின் நிழல் தரையில் வழுக்கிக்கொண்டு வந்தால், பெட்டைகள் குரல் கொடுப்பதற்கு முன்னாலேயே அவனுக்குத் தெரிந்துவிடும். முறத்தைப் போட்டுவிட்டு, அவ்வளவு பெரிய ஆள், குனிந்து ஓடி வருவான். கோசலை எந்த வேலையில் இருந்தாலும் அதை விட்டுவிட்டு உட்கார்ந்துகொள்வாள். அவன் அவள் பக்கத்தில் ஒடுங்கியதும் முந்தானையை விரித்து அவன் தலைமேல் போடுவாள். வழியில் போகிறவர்கள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கடந்து போவார்கள்.

"போயிருச்சா?" என்பான் அவன், துணிக்கடியிலிருந்து.

அவள் அண்ணாந்து பார்ப்பாள். வானத்தில் ஒன்றுமே இருக்காது.

"இன்னங் கொஞ்ச நேரம் இருங்க" என்பாள்.